தூண்டிலும் மன ஆறுதலும்: கிளாலிக் கரையிலிருந்து சில வரலாற்றுக் குறிப்புகள்

வேலை வெட்டியில்லாதவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால், தூண்டிலும் கையுமாகத் திரிகிறான் என்று பெரியவர்கள் ஏசுவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். படகும் வலையும் வைத்திருப்பவர் தொழிலாளி. கரைவலை இழுப்பவரும் தொழிலாளிதான். ஒற்றை முள்ளைத் தண்ணீரில் போட்டுவிட்டு மாலை முழுவதும் குந்தியிருப்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சமூகத்துக்குத் தெரிவதில்லை. அவர் பிடிக்கும் நாலு மீனும் சந்தைக்குப் போவதில்லை. எதற்காகப் போகிறீர்கள் என்று அவரிடமே கேட்டால், "சும்மாதான்" என்பார்.

இந்தச் "சும்மா"வுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பளையிலிருந்து எழுதிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இங்கு ஒரு கிராமப் பாடசாலையில் நான் ஆசிரியராக இருக்கிறேன். பாடசாலை விட்டபின் துவிச்சக்கரவண்டியில் மேற்கே போனால் கிளாலிக் கரை வரும். யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கிழக்குப் பகுதி அது. வடகிழக்கே போனால் தலையடியும் செம்பியன்பற்றும், வங்காள விரிகுடாவின் அலைக்கரையும். இரண்டு நீருக்கும் நடுவில் தென்னந்தோப்புகளோடு கிடக்கிறது பளை. மீனைத் தேடாமல் ஆறுதலைத் தேடித் தண்ணீர்க் கரைக்குப் போகும் மனிதனின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் எண்ணம். ஏனெனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தக் கரையில் யாரும் சும்மா குந்தியிருக்க முடியவில்லை.

மீன்பிடியைத் தமிழ் இலக்கியம் முதலில் தொழிலாகவே கண்டது. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் பரதவர் வலை வீசினர். திமிலேறிச் சென்று சுறா பிடித்தனர். பெண்கள் வெயிலில் காயும் மீனுக்குக் காவலிருந்தனர். தூண்டிலும் அங்கே உண்டு. வள்ளுவர் சூது அதிகாரத்தில், சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார். ஆனால் தூண்டிற்கோலைப் பிடித்திருந்தவனின் மனநிலை என்ன என்பது அவருடைய கேள்வியாக இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைத் தொட்டவர்களுள் முற்பட்டவர் ஓர் அரசர். தென்னிந்தியாவில் கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், 1130ஆம் ஆண்டளவில் "மானசோல்லாசம்" என்ற பெரிய சமஸ்கிருத நூலை ஆக்கினான். மனத்துக்கு மகிழ்ச்சி தருவது என்பதே அந்தப் பெயரின் கருத்து. அரசனுக்குரிய விநோதங்கள் பலவற்றை விவரிக்கும் அந்நூலில் மீன் விநோதமும் ஒன்று. முப்பதுக்கு மேற்பட்ட மீன்வகைகள், அவை வாழும் நீர், அவற்றுக்கு இட வேண்டிய இரை, கோல், கயிறு ஆகிய எல்லாம் அங்கே கூறப்படுகின்றன. மீன்பிடி மனமகிழ்ச்சியின் கணக்கில் சேர்க்கப்பட்டது என்பதே நமக்கு இங்கு முக்கியம். அந்த மகிழ்ச்சி அரசனுக்கு உரியதாக இருந்தது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும்.

சோமேசுவரனுக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1496இல், தூண்டில் மீன்பிடி பற்றிய ஆங்கிலக் கைநூலொன்று வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சேறியது. ஜூலியானா பேர்ணர்ஸ் என்ற துறவிப் பெண்மணி எழுதியதாகச் சொல்லப்படும் நூல் அது. அதை உண்மையில் எழுதியவர் யார் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. மகிழ்ந்த மனம் ஆயுளை நீட்டும், அந்த மகிழ்ச்சிக்குத் தூண்டிலே சிறந்த வழி என்ற வாதத்தோடு நூல் தொடங்குகிறது. தூண்டிலையும் உடல்நலத்தையும் இணைக்கும் பேச்சு இன்று நேற்றுத் தோன்றியதல்ல என்பதற்கு இது சான்று.

1653இல் வெளிவந்த ஐசக் வால்ற்றனின் தூண்டில் நூலை இன்றும் உலகம் வாசிக்கிறது. நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் அதன் சுருக்கப் பதிப்பொன்றை வாசித்தேன். ஆற்றங்கரை, புல்வெளி, நண்பர்களின் உரையாடல் என்று அமைதியாகப் போகும் புத்தகம். அன்று அது எனக்குச் சலிப்பூட்டியது. அது எப்போது எழுதப்பட்டது என்பதைப் பின்னரே கவனித்தேன். 1642 முதல் 1651 வரை இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1649இல் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டான். லண்டனில் கடை வைத்திருந்த வால்ற்றன் தோற்ற பக்கத்தைச் சார்ந்தவர். போர் முடிந்து இரண்டாண்டுகளில், போரைப் பற்றி அதிகம் பேசாமல், மீனையும் தண்ணீரையும் பற்றி எழுதினார். போருக்குள்ளிருந்து வந்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும் என்று இப்போது எனக்குப் படுகிறது.

நமது நாட்டுக்கு வருவோம். பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் வழக்கத்துக்கு இலங்கையில் எழுத்துச் சான்று தேடினால், நாம் முதலில் போய்ச் சேரும் இடங்களுள் ஒன்று நுவரெலியா. ஆங்கிலேயத் துரைமார் 1880களில் தம் நாட்டு ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் வளர்க்க முயன்றனர். 1896இல் இலங்கை மீன்பிடிச் சங்கம் அங்கே அமைந்தது. குளிரும் தனிமையும் வீட்டு நினைவும் வாட்டிய தோட்டத்துரைக்கு அது மருந்தாகவே இருந்திருக்கும். அந்த மருந்து யாருக்கு உரியது என்பதில் அக்காலத்தில் ஐயம் இருக்கவில்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே நின்ற தொழிலாளிக்கும் தனிமையும் வீட்டு நினைவும் இருந்தன. அவருக்காக எவரும் மீன் முட்டை கொண்டுவரவில்லை.

வடக்கிலும் துரைமார் தண்ணீர்க் கரையை அறிந்திருந்தனர். ஆனையிறவில் இருந்த பழைய ஒல்லாந்தர் கோட்டை பிற்காலத்தில் வாடிவீடாக மாற்றப்பட்டது. கடனீரேரியின் காற்றை வாங்கிக்கொண்டு பயணிகள் அங்கே தங்கிச் சென்றனர். போர் அந்தக் கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை.

ஊர் மக்களின் தூண்டிலுக்கு இப்படி ஆவணம் இல்லை. ஆனால் அறிவு உண்டு. கிளாலிக் கடனீரேரி பெரும்பாலும் ஆழம் குறைந்தது. தொழிலாளர் களங்கண்டி கட்டுவர், வீச்சுவலை எறிவர், இறாலுக்கு இரவில் போவர். தூண்டிற்காரருக்குத் தேவை கொஞ்சம் தங்கூசி, ஒரு முள், சிறிய ஈயத்துண்டு, இரைக்கு இறாலோ நாக்கிளிப்புழுவோ. கெளிறு முள்ளை விழுங்கிவிடும். அதைக் கழற்றும்போது செவுளருகே இருக்கும் முள் கையைப் பதம் பார்க்கும். ஓரா மெல்லக் கொத்தும். அதன் முதுகு முள் குத்தினால் கடுகடுக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் வற்றிக் கரை நெடுந்தூரம் உள்வாங்கும். வாடை மழை பெய்தால் நிரம்பும். இவற்றைக் கற்றுத்தரப் பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்தில் குந்தியிருப்பவரிடமிருந்துதான் கற்க வேண்டும்.

நான் கற்றது என் வாப்பாவிடமிருந்து. சாவகச்சேரியில் எங்களுக்கு ஒரு சிறு கடை இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கடையைத் திறக்காமல், நண்பர்கள் இரண்டு மூன்று பேரோடு வாப்பா கிளாலிக்கு வருவாராம். அவர்களில் ஒருவர் தையற்காரர், மற்றொருவர் தமிழ் ஆசிரியர். நான் அந்தக் கூட்டத்தைக் கண்டதில்லை. நாடு கலங்கிய பின் அது நின்றுபோனது. 1990 மார்ச்சில் இந்தியப் படை நாட்டைவிட்டு வெளியேறியது. ஜூன் மாதத்தில் மீண்டும் போர் தொடங்கியது. இடையிலிருந்த இரண்டரை மாத அமைதியில், ஒரே ஒரு நாள், வாப்பா என்னைத் துவிச்சக்கரவண்டியின் கரியரில் இருத்திக் கிளாலிக்குக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது பத்து வயதும் நிரம்பவில்லை. மீன் எதுவும் படவில்லை என்று நினைவு. வாப்பா அன்று கடைக்கணக்குப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார் என்பது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சாவகச்சேரி மக்கள் மாத நடுப்பகுதியிலும், யாழ்ப்பாண நகர மக்கள் 30ஆம் திகதியும் வெளியேற்றப்பட்டனர். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் போனவர்கள் 70,000க்கும் மேல். இந்த இதழின் வாசகர்களுக்கு அந்தக் கதையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். கிடுகுக் கொட்டிலில் வாழ்ந்த முதல் ஆண்டுகளில் வாப்பா களப்புக் கரைக்குத் தூண்டிலோடு போனார். நான் கூடப் போனேன். முள் அதே முள்தான், தங்கூசியும் அதேதான். ஆனால் மீன் படாவிட்டால் அன்று கறி இல்லை. உள்ளூர்த் தொழிலாளர் சிலர் எங்களைப் போட்டிக்கு வந்தவர்களாகப் பார்த்தனர். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது; களப்பில் இருந்த மீன் கூடவில்லை, வாய்கள்தான் கூடின. வாப்பாவின் முகத்தில் கிளாலியில் கண்ட அமைதியை அங்கே நான் காணவில்லை. தூண்டில் தானாக எவருக்கும் ஆறுதல் தருவதில்லை என்பதை அன்றே கண்டேன். இன்று பட்டாலும் படாவிட்டாலும் பரவாயில்லை என்ற நிலையும், இந்த இடத்தில் நான் இருக்கலாம் என்ற நிச்சயமும் இருந்தால்தான் அது மருந்தாகிறது.

நாங்கள் இல்லாத ஆண்டுகளில் கிளாலி என்ன ஆனது? ஆனையிறவுப் பாதை அடைபட்டதால் குடாநாட்டு மக்கள் இரவில் படகேறி இந்தக் கடனீரேரியைக் கடந்தனர். 1993 ஜனவரி 2ஆம் திகதி கடற்படையினரின் தாக்குதலில் பயணிகள் பலர் இந்த நீரில் கொல்லப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, வன்னிக்குப் போனவர்களில் பெரும் பகுதியினர் இவ்வழியே சென்றனர். 1996இல் கிளாலி இராணுவத்தின் கைக்கு வந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபோது பளை புலிகள் வசமானது. 2002 பெப்ரவரி உடன்படிக்கைக்குப் பின் பாதை திறந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி தலையடிப் பக்கத்துக் கரையை அழித்தது. 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடியது. 2009 ஜனவரியில் பளையும் ஆனையிறவும் இராணுவத்திடம் வந்தன. அந்த நெடிய காலத்தில் தொழிலாளருக்கே நேரக் கட்டுப்பாடும் அனுமதிச்சீட்டும் தடைப்பகுதியும் இருந்தன. சும்மா போய்க் குந்தியிருப்பவர் அன்று சந்தேகத்துக்குரியவர். அதைவிட எளிதில் கொல்லப்படக்கூடியவர்.

துப்பாக்கி ஓய்ந்த பின்னும் நிலம் ஓயவில்லை. முகமாலைப் பகுதி உலகின் மிகச் செறிந்த கண்ணிவெடி நிலங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டது. அதை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்க ஆண்டுகள் பல பிடித்தன. மண்டையோட்டுக் குறியிட்ட பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். காலை எங்கே வைப்பது என்று யோசிக்கும் பிள்ளைக்குத் தண்ணீர்க் கரை பொழுதுபோக்காகத் தெரிவதில்லை.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், வன்னி மக்களின் காயம் தனிமனிதனின் காயமாக மட்டும் பார்க்கப்படக்கூடாது என்று வலியுறுத்தியவர். குடும்பமும் அயலும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் சேர்ந்தே சிதைந்தன என்பது அவருடைய ஆய்வின் சாரம். அப்படியானால் ஆற்றுதலும் மாத்திரையோடு முடிய முடியாது. கூடிக் குந்தியிருப்பதற்கு இடங்கள் வேண்டும்.

வெளிநாடுகளில் இதைச் செயலில் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஒரு திட்டம், மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று தூண்டில் வீசப் பழக்கியது. சத்திரசிகிச்சைக்குப் பின் இறுகிப்போகும் தோளுக்கு அந்த வீச்சு மென்மையான பயிற்சி. ஒரே துன்பம் உடையவர்கள் கூடிப் பேசுவதற்கும் அது வழி. 2005இல் வோல்ற்றர் ரீட் இராணுவ வைத்தியசாலையில், போரிலிருந்து உடலும் மனமும் சிதைந்து திரும்பிய படையினருக்காக இன்னொரு தூண்டில் திட்டம் தொடங்கியது. 2023இல் ஐக்கிய இராச்சியத்தில் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கடி தூண்டில் போடும் ஆண்களிடையே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாகக் காணப்பட்டதாகக் கூறியது. இத்தகைய ஆய்வுகளை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தூண்டில் போட்டதால் மனம் தேறியதா, மனம் தேறியவர்தான் தூண்டிலோடு வெளியே வருகிறாரா என்பதை வினாக்கொத்து மட்டும் தீர்த்துவிடாது.

ஆயினும் காரணத்தை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்னும் உளவியலாளர்கள் 1989இல் எழுதிய நூலில், வேலையிலும் கவலையிலும் களைத்த கவனத்தை இயற்கைக் காட்சிகள் மீட்டுத் தருகின்றன என்று விளக்கினர். தண்ணீரில் ஆடும் தக்கை கண்ணைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் மூளையை வருத்தாது. நமது யூனானி வைத்திய மரபும் இதற்கு அந்நியமானதல்ல. இப்னு ஸீனாவின் வழிவந்த அம்மரபு, நலத்துக்கு இன்றியமையாத ஆறு காரணிகளை எண்ணும்போது, காற்று, உணவு, உறக்கம் ஆகியவற்றோடு மனத்தின் அசைவையும் ஓய்வையும் ஒன்றாகச் சேர்த்தது.

இங்கே நம் வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். ஓர் உயிரின் துடிப்பில் நமக்கு என்ன ஆறுதல்? நியாயமான கேள்வி. கடலின் வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டது. ஆனால் வெறும் விளையாட்டுக்காக உயிரைக் கொல்வதை நம் மார்க்க அறிஞர்கள் வெறுத்திருக்கிறார்கள். காரணமின்றிக் கொல்லப்பட்ட குருவி மறுமையில் முறையிடும் என்ற கருத்துள்ள ஹதீஸை அறியாதவர் இல்லை. வாப்பாவுக்கு இதில் ஒரு வழக்கம் இருந்தது. தின்னக்கூடியதை மட்டும் எடுப்பார். சிறு குஞ்சை முள் கழற்றி உடனே தண்ணீரில் விடுவார். படம் எடுப்பதற்காக மீனை நெடுநேரம் தூக்கிப் பிடிக்கும் இன்றைய வழக்கத்தை விட அது மேலானது என்றே நினைக்கிறேன்.

பளைக்கு மாற்றம் பெற்று வந்த புதிதில் கிளாலிக் கரையில் ஒரு வயதான தொழிலாளியோடு பழக்கம் ஏற்பட்டது. நான் தூண்டில் போடும் விதத்தைப் பார்த்து, "மாஸ்டர், உங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்றார். அதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் சட்டியிலிருந்து ஒரு பிடி இறாலை எடுத்து என் பக்கத்தில் வைத்து, "உந்தப் புழுவுக்கு இப்ப கொத்தாது, இதைப் போடுங்கோ" என்றார். அவருடைய மகன்களில் ஒருவர் 2009இல் காணாமற்போனவர் என்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதை அவர் சொன்னதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான். நேருக்கு நேர் இருந்து எங்களால் அதைப் பேசியிருக்க முடியாது.

இந்தக் கரைக்கு நான் கேட்பது பெரிய திட்டம் எதுவுமல்ல. தொழிலாளரின் களங்கண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாத ஓர் ஒதுக்கிடம், நாலு நிழல்மரம், ஒரு மிதவை வளையம், பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஒருவர். மாலையில் போவதற்கு வேறிடமில்லாமல் தவறணையில் போய்க் குந்தும் என் பழைய மாணவர்கள் சிலரையாவது அங்கே காணலாம். வேலியடைத்துக் கரையைச் சொந்தமாக்கும் முயற்சி எவரிடமிருந்து வந்தாலும் ஊர் அதைத் தடுக்க வேண்டும். அரசன், துரை, படையினர் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒருவர் கையில் இருந்த கரை இது. இப்போதுதான் ஊரவர் கைக்கு வந்திருக்கிறது.

2014இல் யாழ்தேவி மீண்டும் பளைக்கும் பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வாப்பா புத்தளத்திலிருந்து வந்தார். கிளாலிக்குக் கூட்டிப் போனேன். கை நடுங்கியதால் முள்ளில் இரை குத்த அவரால் முடியவில்லை. நான் குத்திக் கொடுத்தேன். சோளகம் ஓயாத காலம். தூரத்தில் புலோப்பளைப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "தண்ணி வத்திப் போச்சு மகன்" என்றார். மாரி பெய்தால் நிரம்பும் என்றேன். தையற்காரரைப் பற்றியோ தமிழ் ஆசிரியரைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மஃரிபுக்குச் சற்று முன்வரை இருந்துவிட்டு எழும்பினோம். அன்றும் மீன் படவில்லை.